இடுப்பளவில் 0.3, கூரையடியில் 0.9: எதை நம்புவது?

தம்பி, ஜாரியாவில் பயிற்சிக்குச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கத்தில், ஏறுசரிவு முகப்பில் (மேல்நோக்கிச் சரிந்து ஏறும் வெட்டுமுனையில்) உங்கள் வாயு மீட்டர் இடுப்பளவில் 0.3 சதவீதம் மீத்தேன் காட்டியது, சர்தார் (அந்தப் பகுதியின் பாதுகாப்பைப் பார்க்கும் மேற்பார்வையாளர்) அதையே கூரையோரம் பிடித்தபோது 0.9 வந்தது, மீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மீட்டர் சரிதான். சர்தார் பார்த்ததைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மீத்தேனின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான். காற்றோட்டம் மந்தமானால் கூரையடியில் படலமாகத் தங்கிவிடும். ஏறுசரிவு முகப்புகளும், கூரை இடிந்து விழுந்த குழிவுகளும் அது சேரும் இடங்கள். அங்கெல்லாம் மீட்டரைக் குச்சியில் மாட்டி உயர்த்திப் பாருங்கள். கரியமில வாயு நேர்மாறு, அதைத் தரையோரம் பார்க்க வேண்டும்.

மீத்தேன் 1.25 சதவீதம் வந்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை வெளியே எடுக்க வேண்டும். வெடிப்பது 5 முதல் 15 சதவீதம் வரை. அதற்காக 0.9-ஐ அலட்சியமாக விடாதீர்கள். சிறிய வாயு வெடிப்பே படிந்த நிலக்கரித் தூசியைக் கிளப்பிப் பற்றவைத்துவிடும். 1965இல் தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் உயிரிழந்தார்கள்.

முதலில் பிராட்டிஸ் துணியை (காற்றை முகப்புவரை திருப்பிவிடும் தடுப்புத் துணியை) பாருங்கள். முகப்புக்கு வெகு முன்பே நின்றுவிட்டதா? அடியில் கிழிந்து காற்று கசிகிறதா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். இன்றே ஓவர்மேனிடம் (சர்தாருக்கு மேலுள்ள மேற்பார்வையாளரிடம்) சொல்லி, கூரையளவைப் பதிவேட்டில் எழுதவையுங்கள்.