அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பாட்டு, எழுத்து, ஓவியம் எல்லாம் துக்கத்தை ஆற்றும் என்கிறார்களே, உண்மையா?

ஆற்றும். ஆனால் முதலில் அழவைக்கும். அது தெரியாமல் தொடங்கி, இரண்டாம் நாளே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா புல்லாங்குழல் வாசிப்பார். மேடைக்காக அல்ல, வேலை முடிந்து வந்து தனக்காக. அவர் போன பிறகு ஏழு மாதம் அந்தக் குழலின் உறையை நான் தொடவே இல்லை. சின்ன வயதில் அவரிடம் இரண்டு வருடம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன் நான். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எடுத்து உதட்டில் வைத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. கீழுதடு நடுங்கினால் குழலில் சுரம் நிற்காது. குழலை மடியில் வைத்துக்கொண்டு, அவர் போன நாளில்கூட அழாத அழுகையை அழுதேன்.

மறுநாளும் எடுத்தேன். ஒரே ஒரு சுரம், மூச்சு தீரும்வரை. அப்புறம் இன்னொரு முறை. சில நாள் கழித்துக் கவனித்தேன், ஊதுகிற நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருந்தது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும்; உடம்பின் இயல்பே அது. வாய்விட்டுப் பாடினாலும் இதே பலன் உண்டு. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதே இல்லை.

அப்பாவின் சுர நோட்டில், வரிகளுக்கு மேலே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. என்னவென்று புரியவில்லை. வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவை மூச்சு எடுக்கும் இடங்கள். அவர் எடுத்த இடத்தில் நானும் எடுத்தேன். அந்த அரை மணி நேரம் தந்ததை, ஆறுதல் சொல்ல வந்த யாராலும் எனக்குத் தர முடிந்ததில்லை.

அரை மணி நேரம் முடிந்ததும் குழலை உறையில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன். அதுவும் முக்கியம். துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள்: இழப்பை நேருக்கு நேர் பார்ப்பதும், அதை விட்டு அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பான துக்கம். சோகப் பாட்டை ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இந்தத் திரும்புதல் கிடைக்கவில்லை. கையும் மூச்சும் வேலை செய்தபோது கிடைத்தது.

எழுத்து பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை மிகவும் உலுக்கிய அனுபவத்தைத் தினம் 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. உறவை இழந்தவர்களை மட்டும் வைத்துப் பின்னால் செய்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் எழுத வராவிட்டால் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

காலக்கெடுவும் வைக்காதீர்கள். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914-ல் போரில் இறந்தான், வயது 18. அவனுக்கான நினைவுச் சிற்பத்தை அவரால் 1932-ல்தான் முடிக்க முடிந்தது. முதலில் மகனின் உருவத்தையும் வைக்க நினைத்தார். கடைசியில் நின்றவை மண்டியிட்ட தாயும் தகப்பனும் மட்டுமே. அந்த இடைவெளியை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒன்று மட்டும். சாப்பாடு, தூக்கம், வேலை எதுவுமே மாதக்கணக்கில் நடக்கவில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, பாட்டை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கத்தை ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே ஏற்றுக்கொண்டிருக்கிறது; அதற்குச் சிகிச்சையும் உண்டு.

மற்றபடி, உங்கள் அம்மா முணுமுணுத்த பாட்டு ஏதாவது ஒன்று இருக்கும். வரிகள் பாதி மறந்திருந்தாலும் பரவாயில்லை, அதில் தொடங்குங்கள். அப்பாவின் நோட்டில் கடைசிப் பக்கத்துப் பாட்டுக்கு மட்டும் பென்சில் கோடுகள் இல்லை. எழுதி வைத்தவர் வாசிக்கவில்லை போலிருக்கிறது. போன மாதம் அந்தக் கோடுகளை நானே போட்டேன். என் மூச்சு அவருடையதைவிடச் சின்னது, அதனால் கொஞ்சம் நெருக்கமாகவே விழுந்திருக்கின்றன.