நவம்பர் 9: ஒரே தேதியில இத்தனை நடந்தது எப்படி?

கேள்வி: ஜெர்மனியில 1918ல முடியாட்சி முடிஞ்சது, 1923ல ஹிட்லரோட முதல் கலகம், 1938ல யூதர்கள் மேல நடந்த வெறியாட்டம், 1989ல பெர்லின் சுவர் திறந்தது எல்லாமே நவம்பர் 9தானாமே? தற்செயலா சார்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கொஞ்சம் தற்செயல், கொஞ்சம் இல்ல. 1918ல யாரும் நாள் பார்த்துச் செய்யல. கீல் துறைமுகத்துல மாலுமிங்க ஆரம்பிச்ச கிளர்ச்சி பெர்லின் வரைக்கும் வந்துடுச்சு, கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், பதவி விலகிட்டார்னு அவரோட சம்மதம் வர்றதுக்கு முன்னாடியே சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி) அறிவிச்சுட்டார், மத்தியானம் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்துல நின்னு குடியரசுன்னு சொல்ல, சாயங்காலம் தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் அரண்மனையில இருந்து சோஷலிஸ்ட் குடியரசுன்னு தனியா ஒண்ணு அறிவிச்சார்.

அந்தக் குடியரச உண்டாக்கினவங்கள ஹிட்லர் 'நவம்பர் குற்றவாளிகள்'னுதான் திட்டுவார். 1923ல கலகம் பண்ணதும் நவம்பர்தான், ஆனா தேதிய மட்டும் காரணமா சொல்ல முடியாது, பவேரியா மாநிலத்தோட பெரிய தலைங்க 8ஆம் தேதி ராத்திரி மியூனிக் பீர் ஹால் ஒண்ணுல கூடியிருந்தாங்க, அதனால ஹிட்லரும் அவர் ஆளுங்களும் அன்னிக்கே துப்பாக்கியோட புகுந்தாங்க, மறுநாள் ஊர்வலத்துல போலீஸ் சுட்டதோட கலகம் முடிஞ்சது. 4 போலீஸ்காரங்க செத்தாங்க, தன் பக்கம் செத்தவங்க 16 பேர்னு சொல்லி ஹிட்லரோட நாஜிக் கட்சி அவங்கள தியாகி ஆக்கிடுச்சு.

தற்செயல் இல்லன்னு நான் சொல்றது இதுக்கு அப்புறம்தான். ஆட்சிக்கு வந்தப்புறம் வருஷா வருஷம் நவம்பர் 8, 9ல கட்சித் தலைவருங்க மொத்தப் பேரும் அந்தப் 'தியாகிகளுக்காக' மியூனிக்ல கூடுவாங்க. 1938ல பாரிஸ்ல ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரிய 17 வயசு யூதப் பையன் ஒருத்தன் 7ஆம் தேதி சுட்டான், அவனோட குடும்பத்த அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஜெர்மனியில இருந்து போலந்து எல்லைக்கு விரட்டியிருந்தாங்க. அந்த அதிகாரி 9ஆம் தேதி செத்த செய்தி வரும்போது எல்லாத் தலைவருங்களும் ஒரே ஹால்ல இருக்காங்க, பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து யூதர்களுக்கு எதிரா தூண்டிப் பேசறார், பேச்சு முடிஞ்சதும் ஆளாளுக்கு அவங்கவங்க ஊருக்கு போன் போட்டுத் தாக்கச் சொல்றாங்க. நாடு முழுக்க ஒரே ராத்திரியில பத்திக்கிட்டது அதனாலதான். 1,400க்கும் மேல யூத வழிபாட்டுத் தலங்கள், சுமார் 7,500 கடைகள் தாக்கப்பட்டுச்சு, வதை முகாமுக்கு இழுத்துட்டுப் போன ஆம்பளைங்க மட்டும் கிட்டத்தட்ட 30,000 பேர். இத்தனையும் பண்ணிட்டு யூதர்கள் மேலயே 100 கோடி மார்க் அபராதமும் போட்டாங்க, எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அந்த வருஷாந்திரக் கூட்டத்த நம்பித்தான் எல்சர்ங்கிற தச்சுத் தொழிலாளி 1939ல அதே பீர் ஹால் தூணுக்குள்ள வெடிகுண்டு வச்சார். ஹிட்லர் 13 நிமிஷம் முன்னாடி கிளம்பிட்டார், தப்பிச்சுட்டார்.

கேள்வி: அப்போ 1989? அதுவும் திட்டம் போட்ட தேதியா? (வாசகி, வேலூர்)

பதில்: இல்லவே இல்ல, அது சுத்தமா தடுமாற்றத்துல நடந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு, ஜனங்க மேற்குப் பக்கம் போறதுக்கான பயண விதிகளத் தளர்த்தி ஒரு உத்தரவு தயார் பண்ணியிருந்துச்சு, அத 10ஆம் தேதி வெளியிட்டு விசா கொடுக்கறதா ஏற்பாடு. 9ஆம் தேதி சாயங்காலம் பிரஸ் மீட்டுக்குப் போன ஆளுங்கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஷபோவ்ஸ்கிக்கு அந்த விவரம் தெரியாது, கைல ஒரு பேப்பர் மட்டும் இருக்கு, எப்போ இருந்துன்னு நிருபருங்க கேட்க, பேப்பரப் பொரட்டிப் பார்த்துட்டு எனக்குத் தெரிஞ்சவரை இப்பவே, உடனேன்னுட்டார். மேற்கு ஜெர்மனி டிவியில அது வந்ததும் ஜனங்க பெர்லின் சுவர்ல இருந்த சோதனைச் சாவடிகளுக்குக் கெளம்பிட்டாங்க. போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில இருந்த யேகர்ங்கிற அதிகாரி மேலிடத்துக்கு மாத்தி மாத்தி போன் போட்டும் தெளிவா பதில் வரல, வெளிய கூட்டம் ஏறிக்கிட்டே போகுது, ராத்திரி பதினொன்றரை வாக்குல அவரே கேட்டத் தொறக்கச் சொல்லிட்டார். 28 வருஷமா நின்ன சுவர், அன்னிக்கு ஒரு தோட்டா கூட வெடிக்கல. யேகர் பேரத்தான் நம்ம பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு பெரிய நாள், அப்புறம் ஏன் அவங்க தேசிய தினம் அக்டோபர் 3? (வாசகர், தென்காசி)

பதில்: 1990 அக்டோபர் 3லதான் ரெண்டு ஜெர்மனியும் சட்டப்படி ஒண்ணாச்சு. நவம்பர் 9அ வைக்கலாம்னும் பேச்சு இருந்துச்சு, ஆனா 1938 நடந்த தேதியில எப்படிக் கொண்டாடறதுன்னு விட்டுட்டாங்க. சரியான முடிவுதான். இப்பவும் அன்னிக்குப் பல ஊர்ல, கொல்லப்பட்டவங்க குடியிருந்த வீட்டு வாசல்ல பதிச்சிருக்கற பித்தளைத் தகடுகள ஜனங்க தேய்ச்சுத் தொடச்சு, பூ வச்சு, மெழுகுவர்த்தி ஏத்துவாங்க.