மகள் பரிமாற, அப்பா உட்கார்ந்து சாப்பிடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். மகள் கம்ப்யூட்டர் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு, நியூயார்க் மாநிலம் ஹைட் பார்க்கில் உள்ள கலினரி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா என்ற சமையற்கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது படிப்பு முடியும் கட்டம். கல்லூரியின் போக்கூஸ் உணவகத்தில் பரிமாறும் பயிற்சியில் இருக்கிறாள். எங்களை ஒருநாள் இரவு சாப்பிட வரச் சொல்கிறாள். “என் பொண்ணு எச்சில் தட்டு எடுக்கறதை நான் உட்கார்ந்து பார்க்கணுமா?” என்கிறார் கணவர். மாமியாருக்கு 74 வயது, சுத்த சைவம், சர்க்கரை வேறு. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூன்று பேரும் போங்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

உங்கள் கணவரை நான் குறை சொல்ல மாட்டேன். படிக்க அனுப்பிய பெண் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால் எந்த அப்பாவுக்கும் ஒரு நொடி சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் நம் கல்யாண வீட்டுப் பந்தியை அவருக்கு நினைவுபடுத்துங்கள். பெண்ணின் சித்தப்பாவும் தாய்மாமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்குவார்கள். சம்பந்தி வீட்டாருக்கு வீட்டு மனிதர்களே பரிமாறுவதுதான் மரியாதை. அவர் கையாலும் எத்தனையோ இலைக்கு அப்பளம் விழுந்திருக்கும்.

அந்தக் கல்லூரி 1946-ல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குக் கையில் ஒரு தொழில் கொடுப்பதற்காக. 1972-ல் ஹட்சன் ஆற்றங்கரைக்கு வந்தது. இப்போதுள்ள பெரிய செங்கல் கட்டடம் அதற்கு முன் இயேசு சபைத் துறவிகளின் பயிற்சி இல்லமாக இருந்தது. உங்கள் மகள் நிற்கும் உணவகத்துக்கு முன்பு எஸ்காஃபியே என்று பெயர். 2013-ல் அதைப் புதுப்பித்து, பிரெஞ்சுச் சமையல் மேதை பால் போக்கூஸ் பெயரை வைத்தார்கள். இங்கே அடுப்படி எவ்வளவு பாடமோ, மேசையும் அவ்வளவு பாடம். சமைத்த தட்டு அடுப்படி வாசலில் நாலு நிமிடம் காத்திருந்தால் சாஸ் மேல் ஆடை படிந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு நடந்து, சாப்பிடுகிறவர் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் நாளைக்கு நல்ல செஃப் ஆவாள்.

அங்கே போய் என்ன செய்யக் கூடாது என்பதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். அண்ணன் மகன் சென்னையில் கேட்டரிங் படித்தபோது எங்களைப் பயிற்சி உணவகத்துக்கு அழைத்திருந்தான். சூப் கிண்ணத்தை எடுக்க வந்தான். அண்ணன் சட்டென்று எழுந்து, “விடுடா, நான் எடுக்கறேன்” என்று அவன் கையிலிருந்து வாங்கினார். பாசம்தான். ஆனால் ஆசிரியர் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் காது மடல் சிவந்துபோனது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

அதனால் உட்கார்ந்தே இருங்கள். தண்ணீரை அவளே ஊற்றட்டும். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தட்டுகளை எடுப்பாள். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தால் முடிந்தது என்று அவளுக்குப் புரியும். தட்டுக்கு இரு பக்கமும் வரிசையாக இருக்கும் கத்தி, கரண்டிகளில் எதை எப்போது எடுப்பது என்று குழம்ப வேண்டாம், வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். இனிப்பு வருவதற்கு முன் மேசைத் துணியில் கிடக்கும் ரொட்டித் துகளை ஒரு சின்னத் தகட்டால் வழித்தெடுப்பார்கள். அந்தக் கையைக் கவனியுங்கள், எத்தனை நாள் பழகியது என்று தெரியும். ஏதாவது கைதவறினாலும் பதற வேண்டாம். தவறிப் பழகத்தான் அந்த இடமே.

இனி மாமியார். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று சொன்னால் போதாது. பிரெஞ்சுச் சமையலில் காய்கறி சூப்பிலும் கோழி அல்லது கன்று எலும்பு வேகவைத்த சாறு இருக்கலாம். பார்மேசான் சீஸில் கன்றுக்குட்டி வயிற்று நொதி உண்டு, சில இனிப்புகளில் ஜெலட்டின் உண்டு. இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை சேருமா என்பதையும் சொல்லுங்கள். 1975-ல் பிரெஞ்சு அதிபர் மாளிகை விருந்துக்காக போக்கூஸ் செய்த ட்ரஃபிள் சூப் உலகப் புகழ் பெற்றது; ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒரு பூஞ்சை வகை. மேலே பொன்னிறமாக உப்பிய பப்ஸ் மூடி, பார்க்க சைவம் போலவே இருக்கும். உள்ளே இறைச்சிச் சாறு. மெனுவில் அது தென்பட்டால் மாமியார் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ஒவ்வொன்றாக வரும், இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சர்க்கரை இருப்பவருக்கு அது முக்கியம். ஆரம்ப நேரத்திலேயே இடம் பிடியுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எப்போது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடிசனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அதற்கும் கையில் ஏதாவது எடுத்துப் போங்கள். டிப்ஸ் விஷயத்தில் அங்குள்ள வழக்கத்தை மகளிடமே கேளுங்கள். அவள் தோழிகள் கையில் உங்கள் கணவர் பணம் திணிக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. முன்பதிவை உங்கள் கணவர் பெயரில் செய்யுங்கள். அன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலில் அப்பா பெயரை அவள் பார்க்கட்டும்.