பூசணி இலையில் வெள்ளை மாவு: கந்தகம் அடிக்கலாமா?

இப்போ அடிக்காதீங்க. நாலு நாள் முன்னாடி வேப்பெண்ணெய் தெளிச்சதா எழுதியிருக்கீங்க. எண்ணெய் பட்ட இலையில் ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் விழுந்தா கருகும். பூசணி, பாகல், புடலைக்கு அது பொதுவாவே ஒத்துக்காது.

அதுக்குப் பதிலா 1 பங்கு பால், 9 பங்கு தண்ணீர். வெயில் முகம் காட்டுற காலையா பார்த்து, இலையின் ரெண்டு பக்கமும், வாரம் ஒரு தடவை. சிரிக்காதீங்க, பிரேசிலில் பூசணி இனமான சுக்கினிச் செடியில் சோதிச்சு 1999-லேயே வெளியிட்ட முறை இது.

அதுக்கு முன்னாடி, ஈர விரலால இலையைத் தேய்ச்சுப் பாருங்க. மாவு ஒட்டிட்டு வந்தா சாம்பல் நோய். நரம்பு பிரியுற இடத்துல மட்டும் வெள்ளித் திட்டு, தேய்ச்சாலும் போகலைன்னா அது சில ரகங்களோட பிறவி நிறம். நான் புளியரைக்கு வந்த புதுசுல அப்படி நல்ல இலையா எட்டைக் கிள்ளிப் போட்டவன்! மேல மஞ்சள் கட்டம், அடியில சாம்பல் பூச்சுன்னா அடிச்சாம்பல் நோய். அதுக்குப் பால் உதவாது.

செங்கோட்டைச் சாரல் மாசத்துல சாம்பல் நோய் வர்றது சகஜம்தான். இலை நனையணும்னுகூட இல்லை, மூடாப்பும் காத்துல ஈரமும் போதும். நீங்க சுவரோரமா ஒரே தொட்டியில மூணு கொடி விட்டிருக்கீங்க, காத்து எங்கே போகும்? ஒண்ணை எடுத்துடுங்க.

ஏற்கெனவே பாதிக்கு மேல வெளுத்த இலை தேறாது. அடி இலை ரெண்டு மூணு மட்டும் கிள்ளுங்க. மொத்தமா மொட்டையடிச்சா பிஞ்சு வெயில்ல வெந்துடும்.