பிறப்பு இறப்புப் பதிவேட்டைச் சரியாக எழுதினால் பச்சிளங்குழந்தை இறப்பு குறையுமா?

எழுதுவதால் மட்டும் குறையாது. ஆனால் தப்பாக எழுதினால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

பிறந்து ஓரிரு முறை மூச்சுவிட்டு இறந்த குழந்தையைப் பல இடங்களில் 'இறந்தே பிறந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வி வராது, வேலை முடிந்தது! ஆனால் பிரசவ அறையில் மூச்சுத்திணறலைச் சமாளிக்கும் பயிற்சியோ, முகமூடியோடு கூடிய காற்றுப்பையோ இல்லை என்ற உண்மை அதோடு புதைந்துவிடுகிறது.

எடையும் அப்படித்தான். 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடைக்குறைவு. 2.4 கிலோவை 2.5 என்று முழுமையாக்கினால் கூடுதல் கவனிப்புப் பட்டியலிலிருந்து அந்தக் குழந்தை விழுந்துவிடும். ஒரு மாவட்டத்தில் 2.5 மட்டும் குவிந்து கிடந்தால் தராசைப் பார்த்து எழுதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவர் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்க வைத்தார்கள்; பிறப்பு இறப்புகளை வேறு பணியாளர்கள் பதிந்தார்கள். அந்தப் பெண்கள் எடை பார்த்தார்கள், கதகதப்பாக வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், கிருமித்தொற்றுக்கு மருந்தும் கொடுத்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு சுமார் 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் அறிவித்தார்கள். இன்று ஆஷா பணியாளர்கள் (கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள்) 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கு வருவதற்கு வேர் அங்கேதான். கவனிப்பும் நடந்தது, அதன் பலனைக் காட்டும் எண்ணிக்கையும் நடந்தது, அதுதான் அங்கே விசேஷம்.