எந்த விரல் மரத்துப்போகிறது? கணினிக் கைவலி பற்றிக் கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கை, தோள், கழுத்து வலியோடு வருகிறவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். சில வருடங்களுக்கு முன் ரிப்போர்ட் அடித்து அடித்து என் மணிக்கட்டும் மக்கர் செய்தது. அதனால் உங்களைக் கடிந்துகொள்ள எனக்குப் பெரிதாக உரிமை கிடையாது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மூன்று மாதமாக ராத்திரித் தூக்கத்தில் வலது கை மரத்துப்போய் என்னை எழுப்பிவிடுகிறது. உதறினால் சரியாகிறது. நாள் முழுக்க புரோகிராம் எழுதுகிறேன், அப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. இது ஆர்எஸ்ஐதானா சார்?

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ஆர்எஸ்ஐ என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பல கோளாறுகளுக்குப் போட்ட பொதுப்பெயர். எது என்று பிரித்துக் காட்டுவது விரல்தான்.

(திரும்பக் கேட்டதற்கு அவர் எழுதியது: "கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை.")

அப்படியென்றால் சந்தேகம் கார்பல் டனல் பக்கம் போகிறது. உள்ளங்கை தொடங்கும் இடத்தில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதுதான் கார்பல் டனல். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவற்றின் உணர்ச்சி அந்த நரம்பின் பொறுப்பு. சுண்டுவிரல் அதன் கணக்கில் வராது.

ராத்திரியில் ஏன் என்றால், தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கித் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு படுக்கிறோம். மடங்கினால் அந்த வழிக்குள் அழுத்தம் ஏறும். எனவே முதல் வைத்தியமே, ராத்திரி மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட். ஆறு வாரம் விடாமல் போட்டுப் பாருங்கள். அப்புறம், சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டும், கர்ப்பமும்கூட, இதே தொல்லையைக் கொடுக்கும். பழி மட்டும் கீபோர்டின் மேல் விழும். கார்பல் டனலுக்குக் கீபோர்டு எவ்வளவு தூரம் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு வற்றித் தெரிந்தாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, மரத்த உணர்வு பகலிலும் விலகாமல் நின்றாலோ ஸ்பிளின்டை நம்பி நாள் கடத்த வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர் அண்ணா. சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் விறுவிறுக்கின்றன. மணிக்கட்டுக்குப் பட்டை போட்டும் பயனில்லை.

பயன் இருக்காது தம்பி, கோளாறு பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அதே அல்னர் நரம்புதான் இந்த விரல்களுக்குப் போகிறது. முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றாதீர்கள், நாற்காலிக் கைப்பிடியில் அழுத்தாதீர்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாதீர்கள். படுக்கும்போது முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் அது முழுக்க மடங்காது. சில வாரத்தில் குறையாவிட்டாலோ, விரலில் பலம் குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் கிராஃபிக் டிசைனர். முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி. தண்ணீர் நிறைந்த ஜக்கைத் தூக்கினால் சுருக்கென்று குத்துகிறது. டென்னிஸ் எல்போ என்கிறார்கள். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை!

மட்டை எதற்கு, மவுஸே போதும். இப்போதே ஒன்று செய்து பாருங்கள். வலது முன்கையை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். இடது கை விரல்களை வலது முழங்கைக்கு மூன்று விரல் அகலம் கீழே, மேல்பக்கத் தசையில் லேசாகப் பதியுங்கள். இனி வலது ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு நூலளவு உயர்த்துங்கள். அடியில் தசை இழுபடுவது தெரிகிறதா? விரலைத் தூக்குகிற தசை இருப்பது அங்கேதான்.

மவுஸ் பிடிக்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். கிளிக் செய்யாத நேரத்திலும் பலருக்கு ஆள்காட்டி விரல் பொத்தானுக்குச் சற்று மேலே அந்தரத்தில் நிற்கும். திரையில் எதையோ யோசித்துக்கொண்டு இருப்பார்கள், விரல் மட்டும் விறைப்பாகக் காத்திருக்கும். கையில் ஒரு பாரமும் இல்லை, ஆனால் அந்தத் தசைக்கு எட்டு மணிநேரமும் விடுப்பே இல்லை. விரலைப் பொத்தான்மேல் படுக்க விடுங்கள். முதல் வாரம் நிமிடத்துக்கு ஒருமுறை மறப்பீர்கள், பரவாயில்லை.

பாயின்டர் வேகத்தைக் கூட்டிவிட்டால் கை நகரும் தூரம் குறையும். கீபோர்டின் வலது கோடியில் எண்பலகை இருந்தால் அது மவுஸை வெளியே தள்ளித் தோளையும் இழுக்கும். எண்கள் அதிகம் அடிக்காதவர் என்றால் எண்பலகை இல்லாத கீபோர்டு போதும்.

பயிற்சி இது: முன்கையை மேஜையில் கவிழ்த்து, உள்ளங்கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கையில் அரைக் கிலோ எடை. இடது கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் நான்கைந்து விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே நிறுத்திவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று வராதீர்கள்.

கேள்வி: செங்குத்து மவுஸ், இரண்டாகப் பிளந்த கீபோர்டு எல்லாம் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கருவியை மாற்றினால் சுமை வேறு தசைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். செங்குத்து மவுஸ் முன்கையின் முறுக்கலைக் குறைக்கும். டிராக்பால், அதாவது நகர்த்தாமல் மேலே உள்ள பந்தை உருட்டும் மவுஸ், மணிக்கட்டுக்கு நல்லது. கட்டைவிரலால் உருட்டும் வகையை வாங்கிக் கட்டைவிரல் வலியோடு திரும்பி வந்தவர்களும் உண்டு.

அதற்கு முன், காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. கீபோர்டுக்கு அடியில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும், அவற்றை மடக்கிவிடுங்கள். அவை பின்பக்கத்தை உயர்த்தி மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கின்றன. மெத்தென்ற மணிக்கட்டுத் திண்டு வைத்திருப்பவர்களுக்கு: அது தட்டச்சின் இடைவெளியில் கையைச் சாய்க்க. அதில் அழுத்திக்கொண்டே அடித்தால் ஏற்கெனவே சொன்ன அந்தக் குறுகலான வழியைத்தான் நசுக்குகிறீர்கள். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் மற்றது தப்பாகிவிடும். தினமும் அதில்தான் வேலை என்றால் தனிக் கீபோர்டு கட்டாயம்.

கேள்வி: இரண்டு வாரம் லீவு போட்டுக் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். வலி போயே போய்விட்டது. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே பழையபடி வந்துவிட்டது. வெறுத்துப்போய்விட்டது சார்.

இன்று வந்த கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது. ஓய்வில் எரிச்சல் அடங்கும். ஆனால் சும்மா கிடந்த தசைநாணின் தாங்கும் சக்தியும் கூடவே குறையும். நீங்களோ லீவு முடிந்த முதல் நாளே, தேங்கிக் கிடந்த வேலையையும் சேர்த்து எட்டு மணிநேரத்தை அதன் தலையில் வைத்திருப்பீர்கள்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். தட்டச்சு தொடங்கி எத்தனை நிமிடத்தில் வலி எட்டிப்பார்க்கிறது என்று மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தாம் நிமிடம், வலி வருவதற்கு முன்பே, கையை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அடுத்த சுற்று. ஒரு வாரம் தொல்லையில்லாமல் ஓடினால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். "நன்றாகத்தானே இருக்கிறது, இதை முடித்துவிட்டே எழுந்திருக்கலாம்" என்று தோன்றும் பாருங்கள், நான் இரண்டு முறை சறுக்கியதும் அங்கேதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை பல்லைத் தேய்க்கும்போது தெரியும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதே வேகத்தில் அடிப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: இடைவேளை எடுக்க ஆசைதான். வேலை மும்முரத்தில் மறந்துவிடுகிறது.

எல்லோருக்கும் மறக்கும். ஒர்க்ரேவ் என்ற இலவச மென்பொருள் நேரம் பார்த்து நினைவூட்டும், கேட்காவிட்டால் திரையையே மறைக்கும்படியும் வைக்கலாம். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் எழுந்து போவதைவிட, மணிக்கு ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் நல்லது. இன்னொன்று: படிக்கும்போதும் யோசிக்கும்போதும் கை இரண்டையும் மடியில் போடுங்கள். அரைநாளுக்குள் எத்தனை குட்டி ஓய்வு சேர்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

கேள்வி: எங்கள் மேனேஜர், "அந்தக் காலத்தில் டைப்ரைட்டரில் நாள் முழுக்க அடித்தார்கள், இதெல்லாம் மனப்பிரமை" என்கிறார்.

அந்தக் காலத்திலும் வலித்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக்கூடாதே என்ற மன அழுத்தம். பேனாவைத் தூக்கிவிட்டு மவுஸை வைத்தால் உங்கள் அலுவலகம்தான். தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பை 1908இல் பிரிட்டன் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களில் சேர்த்தது. டைப்ரைட்டரில் வரி முடிந்தால் கையை எடுத்து லீவரைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாள் மாற்ற வேண்டும். இயந்திரமே ஓய்வு கொடுத்தது. மூன்றாவது காரணத்தை மேனேஜரிடம் படித்துக் காட்டுவது உங்கள் விருப்பம்.

கேள்வி: கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி. போனில் ஒரே கையால் டைப் செய்வேன்.

நிறுத்துங்கள். போனை மேஜையில் வைத்து ஆள்காட்டி விரலால் அடியுங்கள். டி குவர்வேன் என்ற தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் வேண்டும், வெறும் மணிக்கட்டுப் பட்டை உதவாது. கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கும் இதே இடத்தில்தான் வரும்.

கேள்வி: நரம்புக்கு நல்லது என்று வைட்டமின் பி6 மாத்திரையை நானாகவே கூட்டிச் சாப்பிடுகிறேன். சரிதானே?

கூடாது. அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் பி6 நரம்பையே கெடுத்து, விரல்களை மரக்கவைக்கும்.

கேள்வி: குரலிலேயே தட்டச்சு செய்யலாமா?

கடிதம், மின்னஞ்சலுக்குத் தாராளமாக. விண்டோஸில் விண்டோஸ் விசையையும் H விசையையும் சேர்த்து அழுத்தினால் குரல் தட்டச்சு திறக்கும். புரோகிராம் எழுத டாலன் மாதிரி தனி மென்பொருள் இருக்கிறது, பழகச் சில வாரம் பிடிக்கும். நாள் முழுக்கப் பேசினால் தொண்டைக்கும் இதே கதைதான், கலந்து செய்யுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் சார். ஸ்பிளின்ட் வாங்கி நேற்றுப் போட்டேன். காலையில் பார்த்தால் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

தூக்கத்தில் கழற்றி எறிந்திருப்பீர்கள். இறுக்கிக் கட்டினால் அப்படித்தான் ஆகும், பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். உள்ளே ஓர் உலோகத் தகடு இருக்கும், உருவிப் பாருங்கள். பலவற்றில் அது மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைக்கும்படி வருகிறது. கையாலேயே அழுத்தி நேராக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். இன்று ராத்திரி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.