கப்பல் பயணம்: டிக்கெட்டுக்கு மேல் எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, 10 மற்றும் 7 வயதில் இரண்டு பிள்ளைகள். 7 இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பணம் சேர்த்துவிட்டோம். சாப்பாடு, ஷோ எல்லாம் டிக்கெட்டில் அடக்கம் என்கிறார் ஏஜென்ட். பால்கனி அறையும் டிரிங்க்ஸ் பேக்கேஜும் எடுக்கலாமா? கையில் இன்னும் எவ்வளவு வேண்டும்?

பதில்: ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி. பெரிய டைனிங் ஹால், பஃபே, தியேட்டர், நீச்சல் குளம், பிள்ளைகளுக்கான கிளப் ஆகியவை பெரும்பாலும் டிக்கெட்டிலேயே வந்துவிடும். ஸ்டேக், சுஷி போன்றவற்றுக்கான தனி ரெஸ்டாரன்ட், மது, பாட்டில் குளிர்பானம், வைஃபை, ஸ்பா, போட்டோ, கரைச் சுற்றுலா எல்லாவற்றுக்கும் தனி பில்.

பலரும் கணக்கில் விட்டுவிடுவது டிப்ஸை. பல கப்பல்களில் அது தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே பில்லில் ஏறும், பிள்ளைகளுக்கும் உண்டு. உங்களுக்கு 4 பேர், 7 இரவு, ஆக 28 மடங்கு. துறைமுகக் கட்டணமும் வரியும் விளம்பர விலையில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் என்பது ஒவ்வொரு கிளாஸுக்கும் தனியாகக் கொடுக்காமல், நாளுக்கு இவ்வளவு என்று முன்பே மொத்தமாகக் கட்டிவிடுவது. அதை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அதன் ஒருநாள் விலை ஒரு கிளாஸ் விலையைப் போல 6 மடங்கு என்று வையுங்கள். 7 நாளுக்கு 42 கிளாஸ் குடித்தால்தான் முதலுக்கு முதல். நான்கு நாள் கரையில் இறங்கினால் அன்றெல்லாம் 3 கிளாஸுக்கு மேல் போகாது, அது 12. மீதி 30 கிளாஸை மூன்றே நாளில், நாளுக்கு 10 வீதம் முடிக்க வேண்டும்! அதோடு, ஒருவர் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்பது பல கம்பெனிகளின் விதி. அளவாகக் குடிப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பால்கனி அறைக்கும் அவசரப்படாதீர்கள். டிக்கெட் விலை ஒரு அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்குச் சொல்வது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறையும். ஆனால் அவர்கள் படுப்பது சோபாவிலோ, மேலிருந்து இறக்கும் பெர்த்திலோதான். நான்கு பேருக்கு ஒரே குளியலறை. பக்கத்துப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத இரண்டு உள்ளறைகளின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். தலைசுற்றல் வருமென்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறை நல்லது. அங்கே ஆட்டம் குறைவு.

கப்பலில் காசு கைமாறாது. அறைச் சாவி அட்டையைக் காட்டினால் பில் ஏறும், செலவு கண்ணுக்கே தெரியாது. தினமும் இரவில் கணக்கைப் பாருங்கள். டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள்: முன்பிடித்தம் என்று உங்கள் சொந்தப் பணத்தையே முடக்குவார்கள், விடுபடப் பயணம் முடிந்தும் சில நாள் ஆகும். கிரெடிட் கார்டு கொடுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் குறைவான கார்டாக இருக்கட்டும்.

டிக்கெட் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். மருத்துவக் காப்பீடு அதற்குள் வராது, அதைத் தனியே எடுங்கள். கப்பல் மருத்துவரின் பில்லும் உங்கள் அறைக் கணக்கில்தான் ஏறும். ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தச் செலவு பயணச் செலவையே பலமடங்கு தாண்டிவிடும்.